ஆக லேசான பின்னல்

ஞானராணி டீச்சர் பாண்டிருப்பிலிருந்து நடந்தே வந்திருந்தார். குடையை மடித்து வாசலில் சாத்திவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஸுல்பிகாவின் அறைக்குள் வந்தார். பாயில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கைப்பைக்குள்ளிருந்து ஒரு பழைய பின்னல் புத்தகத்தை எடுத்துப் போட்டார். அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் ஓட்டை ஓட்டையான றேந்தைச் சால்வை போர்த்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்முனை வெயிலில் அதைப் பார்க்கவே வியர்த்தது.

"பதினெட்டு நாள்தான் கிடக்கு பிள்ள," என்றார் டீச்சர். "மூண்டு சாமான் குடுக்க வேணும். ஆகக் கெதியா முடியிறது, ஆக லேசானது, அதப் பாத்து எடு. கெட்டித்தனம் காட்டுற நேரமில்ல இது."

ஸுல்பிகா இத்தா இருக்கத் தொடங்கி அன்று எழுபதாம் நாள். அவளுடைய கணவன் அபூசாலி, சாகாமத்துக்கு உழவுக்குப் போன இடத்தில் வாய்க்கால் கட்டில் உழவு மிசின் புரண்டு மவுத்தானவன். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட நிறையவில்லை. புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வீட்டுப் படி தாண்டாமல், அந்நிய ஆணின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பிறக்கும்வரை இருக்க வேண்டும். ஸுல்பிகாவின் வயிற்றில் பிள்ளை இல்லை. அது அவளுக்கும் அவளுடைய உம்மாவுக்கும் தெரியும். மாதத்தில் சில நாள் மகள் தொழுகைப் பாயை விரிக்காமல் இருப்பதை ஒரே வீட்டிலிருக்கும் தாய் காணாமலா இருப்பாள்?

சம்மாந்துறையில் புதிதாக ஒரு தையல் நிலையம் திறக்கப் போகிறார்கள், போதனாசிரியை ஒருத்தி வேண்டுமாம் என்ற செய்தியைக் கொண்டுவந்ததும் டீச்சர்தான். சொந்தக் கையால் பின்னிய மூன்று உருப்படிகளை முதலில் அனுப்ப வேண்டும். அவை பிடித்தால் நேர்முகப் பரீட்சை. அந்தப் பரீட்சை இத்தா முடிந்து ஆறாம் நாள் விழுந்தது. அல்லாஹ்வே பார்த்து வைத்த தேதி என்று உம்மா சொன்னாள். வேலை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் வாப்பா ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். மருதமுனையில் மனைவியை இழந்த ஒருவர் மூன்று பிள்ளைகளோடு காத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வயதுக்கு ஸுல்பிகாவின் வாப்பாவோடு ஒன்றாக ஓதப் போயிருப்பார்.

இருவரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். மேசைவிரிப்பு, இரண்டு மாதம் பிடிக்கும். யன்னல் திரை, ஒரு மாதம். சால்வையின் பக்கத்தை டீச்சர் விரலாலேயே மூடிவிட்டார். தொழுகைத் தொப்பி நல்லதுதான், ஆனால் வட்டமாகப் பின்ன நாலு ஊசி வேண்டும். ஸுல்பிகாவிடம் இருந்தது இரண்டே இரண்டு ஊசி. கொன்வென்ட்டில் படித்த காலத்து ஊசி.

"றேந்தை எண்டா என்ன? ஓட்டைதானே," என்றார் டீச்சர். "நூல ஊசியில ஒருக்கா சுத்தினா ஓட்டை. பக்கத்துல ரெண்டு கண்ணச் சேத்துப் பின்னினா கணக்குச் சரி. அடுத்த வரி சும்மா நேர்ப் பின்னல். நாலு வரி பாடமாகினா நாற்பது வரியும் வரும். சின்னச் சாமானா எடு. சின்னதுல பிழைச்சா அவிழ்க்கவும் லேசு."

புத்தகத்தின் கடைசியில் இருந்தது அது. பச்சைப் பிள்ளைக்கு ஒரு தொப்பி, காலுக்கு ஒரு சோடி மேஸ், இரண்டு ஊசியிலேயே தட்டையாகப் பின்னி மடித்துத் தைப்பது. தொப்பிக்கு நாலு நாள், மேஸுக்கு மூன்று நாள். மூன்றாவதாகத் தலையணை உறைக்கு ஒரு சாண் அகலத்தில் ஓரம். மூன்றுக்கும் ஒரே நாலு வரிதான்.

"எங்கட சேர்ச் விற்பனையில முதல்ல முடியிறது இதுதான்," என்றார் டீச்சர். அவருக்குப் பிள்ளை மேஸ் என்பது வருடா வருடம் மேசையில் அடுக்கி வைக்கும் ஒரு சாமான். ஸுல்பிகாவுக்கோ அந்த நேரம் கண்களும் வரிகளும் மட்டுமே தெரிந்தன. இத்தா இருக்கும் ஒருத்தியின் மடியில் பச்சைப் பிள்ளையின் மேஸ் கிடந்தால் ஊர் அதை எப்படி வாசிக்கும் என்று இரண்டு படித்த பெண்களில் ஒருத்திக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

பின்னத் தொடங்கிய பிறகு ஸுல்பிகாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கை மறந்திருந்தது, முதல் நாள் ஆறு தரம் அவிழ்த்தாள். மூன்றாம் நாள் விரல் தானாகப் போயிற்று. வரியை எண்ணிக்கொண்டிருக்கும்போது வாய்க்கால் கட்டு நினைவுக்கு வருவதில்லை. எண்ணிக்கை முடிந்ததும் வரும். அதனால் அவள் எண்ணிக்கொண்டேயிருந்தாள்.

பக்கத்து வளவு அஸீஸாவின் வீட்டில் ஒருநாளும் உப்பு இருந்ததில்லை. உப்புக் கேட்டு வருபவள் குசினியோடு திரும்பியதுமில்லை. எழுபத்தாறாம் நாள் அவள் அறைச் சீலையை விலக்கி எட்டிப் பார்த்தபோது, ஸுல்பிகா முடிந்த தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் மேஸின் குதிக்காலைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"அல்லாஹ்!" என்றாள் அஸீஸா. கண் இரண்டும் நிறைந்துவிட்டது. "சொல்லவே இல்லியேகா."

"வேலைக்கு அனுப்புறதுக்கு..." என்று ஸுல்பிகா தொடங்கினாள்.

"சரி சரி, நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. மூணு மாசம் மறைச்சு வைக்கிறதுதானே நம்மட வழக்கம்." உப்பை மறந்துவிட்டே அஸீஸா போய்விட்டாள்.

அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லைதான். ஒருத்தர் ஒருத்தராகச் சொன்னாள். இரண்டு நாளில் அது மூன்று ஒழுங்கை தாண்டி ஆயிஷா உம்மாவின் காதில் விழுந்தது.

ஆயிஷா உம்மா அபூசாலியின் தாய். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை. மகனின் நாற்பதாம் நாள் கத்தத்துக்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. சூறாவளி கூரையைக் கொண்டுபோன பிறகு, அபூசாலி மாப்பிள்ளையாக வந்த இந்த வீடு கிடுகுக் கூரையோடுதான் நின்றது. ஓடு போட வேண்டும் என்று ஸுல்பிகா ஆசைப்பட்டாள். அதற்காகத்தான் அபூசாலி தன் வேலை முடிந்த பிறகும் அடுத்தவர் வயலுக்கு மிசின் கொண்டுபோனான். கத்தத்தன்று ஆயிஷா உம்மா அத்தனை பெண்களுக்கு நடுவில் கூரையை அண்ணாந்து பார்த்து, "நல்ல ஓடுகா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவள். ஸுல்பிகா இரவும் பகலும் படுத்துக்கிடந்து பார்த்ததும் அதே ஓடுகளைத்தான்.

எழுபத்தெட்டாம் நாள் லுஹர் தொழுகைக்கு முன்னம் ஆயிஷா உம்மா வந்தாள். கையில் ஓலைப்பெட்டி. செருப்பைக்கூடக் கழற்ற மறந்து நேரே அறைக்குள் வந்து ஸுல்பிகாவின் முன்னால் முழங்காலிட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எண்ட மகள்," என்றாள். "என்ன மன்னிச்சுக்க மகள். நான் பொல்லாத கிழவி. உண்ட மேல ஏறி விழுந்த எண்ட நாக்கு அழுகிப் போகட்டும்."

ஸுல்பிகாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆயிஷா உம்மாவின் கை கன்னத்திலிருந்து இறங்கி, வெள்ளைச் சீலையின் மேல் வயிற்றில் வந்து நின்றபோதுதான் விளங்கியது. மடியில் கிடந்த மேஸை எடுத்து, அதற்குள் இரண்டு விரலை விட்டு, ஆயிஷா உம்மா சிரித்தாள், அழுதாள், பிறகும் சிரித்தாள்.

"இவ்வளவுதான் கால் இருக்கும், என்ன? அவன் பொறக்கக்குள்ளயும் இவ்வளவுதான்."

'இல்லை மாமி' என்ற இரண்டு சொல் ஸுல்பிகாவின் தொண்டைவரை வந்தது. வெளியே வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக அவளை ஒருவரும் அப்படிப் பிடித்து அழவில்லை. மாமியின் தோளில் அபூசாலி பிறந்து வளர்ந்த வீட்டின் வாசனை இருந்தது. அவன் சாரத்தில் இருந்த அதே சவர்க்கார வாசனை. அவள் அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான் என்று தெரிந்துகொண்டே அழுதாள்.

மாமி போன பிறகு உம்மா அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் புள்ள சொல்லல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல உம்மா?"

"வாய்க்குள்ள வந்திச்சு. அவட முகத்தப் பாத்து முழுங்கிட்டன்," என்றாள். "நாளைக்கு வந்தா சொல்லிப்போடுவம். இது விளையாட்டில்ல. முழுகாம இருக்கா எண்டு ஊர் முழுக்கக் கதைச்சுப்போட்டு, புறகு புள்ள இல்ல எண்டா என்ன சொல்லுவாங்க தெரியுமா? புருஷன் போனவள், இன்னொருத்தனக் கட்டுறதுக்குக் கலைச்சுப்போட்டாள் எண்டுதான் சொல்லுவாங்க. அந்தக் கதைக்குப் புறகு வேலையுமில்ல, மாப்பிள்ளையுமில்ல."

மறுநாள் மாமி வந்தாள். தோடம்பழத்தோடு வந்தாள். அதற்கடுத்த நாள் வீட்டுக் கோழி முட்டையோடு. ஒவ்வொரு நாளும் வந்தவுடனேயே கதையைத் தொடங்கிவிடுவாள். இடையில் மூச்சு விடவும் மாட்டாள், ஒருவரை வாய் திறக்கவும் விடமாட்டாள். ஆண் பிள்ளையென்றால் தகப்பனின் பெயர், பெண்பிள்ளையென்றால் பெயரை ஸுல்பிகாவே வைக்கலாம், அதில் அவள் தலையிட மாட்டாள். தொட்டில் கட்ட வளையம் அவளிடமே இருக்கிறது, அபூசாலி கிடந்த தொட்டிலின் வளையம். கத்தத்தன்று வற்றிப்போயிருந்த அந்தக் கன்னம் இந்த நாட்களில் கொஞ்சம் நிரம்பிவிட்டதை ஸுல்பிகா கண்டாள். ஒரு பிடி சோறும் இறங்கவில்லை என்று ஊர் கதைத்த மனுஷி, இப்போது ஸுல்பிகாவோடு உட்கார்ந்து தின்றாள்.

"வேலைப் பரீட்சை எண்டு உம்மா சொன்னா," என்றாள் ஒரு நாள். "அதெல்லாம் என்னத்துக்கு இனி? புள்ள பொறக்குமட்டும் இத்தாதானே. புறகு நான் இருக்கன். எண்ட தென்னந்தோட்டம் இருக்கு. உன்ன ஒருத்தனுக்கும் கட்டிக்குடுக்க விடமாட்டன்."

ஸுல்பிகா தலையைக் குனிந்து வரியை எண்ணினாள். தலையணை ஓரத்தில் அன்று ஒரு கண் குறைந்துவிட்டது. எங்கே குறைந்தது என்று தேடிப் பிடிக்க ஒரு பின்னேரம் போயிற்று. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் காலையானதும் காது மாமியின் செருப்புச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தது. அதையும் மறைக்க என்ன இருக்கிறது? அவள் காத்திருந்தாள்.

ஞானராணி டீச்சர் ஒரு தரம் வந்து பின்னலைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் கையில் இருந்த தொப்பியைப் பாயில் வைத்துவிட்டார்.

"ஐயோ பிள்ள. நானெல்லோ எடுத்துத் தந்தன்." பிறகு, "நான் போய்ச் சொல்லட்டா அவட்ட?" என்று கேட்டார்.

"வேணாம் டீச்சர். நான்தான் சொல்ல வேணும்."

"எப்ப?"

"நாளைக்கு."

டீச்சர் அவளை நீண்ட நேரம் பார்த்தார். வகுப்பில் வீட்டுவேலை செய்யாத பிள்ளைகளை அப்படித்தான் பார்ப்பார்.

எண்பத்தைந்தாம் நாள் ஸுல்பிகாவுக்கு மாதச் சுத்தக்கேடு வந்தது. உம்மா தொழுகைப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள், அவ்வளவுதான்.

எண்பத்தேழாம் நாள் மாமி அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னம் வந்தாள். விரால்மீன் ஆணம் காய்ச்சி, மூடிய சட்டியைச் சீலையால் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஸுல்பிகா நாலு வாய் குடித்திருப்பாள், பள்ளியில் பாங்கு சொன்னது. மாமி கிணற்றடிக்குப் போய் ஒழுச் செய்துகொண்டு வந்தாள். முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட மூலையில் இருந்த பாயை எடுத்து விரித்தாள். தன் தோளிலிருந்த துணியை எடுத்து அதன் பக்கத்தில் இன்னொன்றாக விரித்தாள்.

"வா மகள். இண்டைக்கு ரெண்டு பேரும் சேந்து தொழுவம். தொழுதுபோட்டுப் புள்ளைக்குக் கையேந்துவம்."

குசினி வாசலில் உம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

எழும்பிப் போய்ப் பக்கத்தில் நிற்கலாம். குனிந்து நிமிர்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஒன்பது நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இன்னும் கால்மணி நேரம் பெரிய காரியமா? ஸுல்பிகா எழும்பக்கூடச் செய்தாள். ஆனால் மனிதர் முன்னால் சும்மா இருப்பது வேறு. இந்தக் கோலத்தில், இந்தப் பொய்யோடு, அந்தப் பாயில் ஏறி நிற்க அவளால் முடியவில்லை.

"எனக்குத் தொழுகை இல்ல மாமி," என்றாள்.

மாமி பாயின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. முகம் மட்டும் மேலே வந்தது.

"முந்தநாள்ல இருந்து," என்றாள் ஸுல்பிகா.

"யா அல்லாஹ்!" மாமி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "எண்ட மகள், ஏன் சொல்லாம இருந்தாய்? மருத்துவிச்சியக் கூப்பிட்டயா? கலைஞ்சு போச்சா? பாரம் கீரம் தூக்கினயா? நான் இருக்கன், அழாத, நான் இருக்கன்..."

அப்போதுதான் ஸுல்பிகாவுக்கு அந்த வழி தெரிந்தது. 'ஓம்' என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல். மாமி அவளைக் கட்டிப்பிடித்து அழுவாள். இருவரும் சேர்ந்து இழந்ததாக ஆகிவிடும். நாளைக்கும் ஆணம் வரும். ஊர் பரிதாபப்படும்; அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிவிட்டுப் போகும். பேரும் கெடாது, மாமியும் போகமாட்டாள். குசினி வாசலில் நின்ற உம்மாவின் கண்ணும் 'சொல்லு, ஓமென்று சொல்லு' என்றது. அதைவிடக் கெதியாக முடியக்கூடியது, அதைவிட லேசானது வேறொன்றும் இல்லை.

மாமியின் கையில் மீன் வாசனை இருந்தது. அவள் முகம் ஸுல்பிகாவுக்காகப் பதறிக்கொண்டிருந்தது. இல்லாத பிள்ளைக்காக இந்த மனுஷியை இன்னொரு மவுத்துக்கு அழ வைப்பதா? ஏற்கெனவே ஒன்றுக்கு அழுது முடியாதவளை?

"இல்ல மாமி. கலையல்ல. இருக்கவேயில்ல." குரல் அவளுக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொன்னாள். "ஒரு நாளும் இருக்கல்ல. அந்தச் சாமானெல்லாம் வேலைக்கு அனுப்பப் பின்னினது."

மாமி கையை விட்டாள். விசிறவில்லை, உதறவில்லை. மெல்ல விட்டாள்.

"நான் வந்த அண்டைக்கே உனக்குத் தெரியும்."

"ஓம் மாமி."

"உண்ட உம்மாக்கும்."

ஸுல்பிகா தலையசைத்தாள்.

ஆயிஷா உம்மா திரும்பிப் பாய்க்குப் போனாள். பக்கத்தில் விரித்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தனியே தக்பீர் கட்டினாள். நாலு றக்அத்தும் தொழுதாள். கடைசி சுஜூதில் நெற்றி தரையில் இருக்க, நெடுநேரம் எழும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. உம்மா இரண்டு அடி வைத்து வந்தவள் கிட்டப் போகத் துணியாமல் நின்றாள். சலாம் கொடுத்த பிறகு ஆயிஷா உம்மா கையேந்தவில்லை. இருந்த இடத்திலிருந்தே, சுவரைப் பார்த்துக்கொண்டு கதைத்தாள்.

"ஒம்பது நாள் எண்ட மகன் எனக்கு மவுத்தாகல்ல. காலையில எழும்பினா, இண்டைக்கு என்ன கொண்டு போவம் எண்டுதான் நினைப்பு வரும். இனி நாளைக்குக் காலையில நான் என்ன நினைச்சு எழும்புற?"

ஸுல்பிகா ஓரடி முன்னால் வந்தாள். "மாமி, என்ன மன்னிச்சு..." என்றாள். அது இந்த இடத்தில் எவ்வளவு மலிவாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. சொல்லை முடிக்காமல் விட்டாள்.

ஆயிஷா உம்மா எழுந்து, பாயைச் சுருட்டி எடுத்த இடத்திலேயே வைத்தாள். சட்டியை எடுக்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். ஸுல்பிகா முன்கதவுச் சீலைக்குப் பின்னால் போய் நின்றாள்.

வேலிக்கு அப்பால் அஸீஸா காத்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் காத்துக்கொண்டிருப்பவள்.

"என்ன ஆயிஷா உம்மா, மருமகள் எப்பிடி? வாந்தி கீந்தி எடுக்கிறாளா?"

ஸுல்பிகா சீலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய பேரும் வேலையும் இனிமேலுள்ள காலமும் இப்போது அந்த மனுஷியின் வாயில் இருந்தன. கலைத்துவிட்டாள் என்று அவள் சொல்ல வேண்டியதுகூட இல்லை. அழுதுகொண்டு பேசாமல் போனாலே போதும்; மிச்சத்தை அஸீஸா பார்த்துக்கொள்வாள்.

ஆயிஷா உம்மா நின்றாள்.

"வாந்தியுமில்ல ஒண்டுமில்ல. அவள் முழுகாம இல்லகா," என்றாள். ஒழுங்கை முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள். "அது சம்மாந்துறை வேலைக்குப் பின்னின சாமான். நீ கண்டுபோட்டுக் கதைச்சாய், நான் கிழட்டு ஆசையில நம்பிப்போட்டன். எங்க ரெண்டு பேருக்கும்தான் வெக்கம். அவள் ஒரு நாளும் ஓமெண்டு சொல்லல்ல."

சொல்லிவிட்டு நடந்தாள். அஸீஸா வாய் திறந்தபடி நின்றாள்.

சீலைக்குப் பின்னால் ஸுல்பிகா அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டாள். பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. அவள் ஓமென்று சொல்லவில்லைதான். தன் பேரைக் காப்பாற்றிவிட்டுப் போகும் அந்த வார்த்தை தன்னைப் பற்றியது என்று நினைக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"மாமி!" என்று கூப்பிட்டாள். ஒழுங்கையில் அசருக்குப் போன ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். உம்மா ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஆயிஷா உம்மா திரும்பவில்லை. கேட்டிருக்கும். மூலையில் திரும்பி மறைந்துவிட்டாள்.

மறுநாள் டீச்சர் வந்து மூன்று உருப்படிகளையும் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மாமி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. உம்மா போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஆள் இருந்தும் திறக்கவில்லை என்று திரும்பி வந்தாள். வேறு யாரையும் அனுப்பி முடிக்கிற காரியமும் அல்ல அது. ஸுல்பிகாவே போக வேண்டும், போய் அந்தக் காலைப் பிடிக்க வேண்டும். ஆயிஷா உம்மாவின் வீடு மூன்று ஒழுங்கை தள்ளித்தான் இருந்தது. ஸுல்பிகாவின் இத்தா முடிய இன்னும் முப்பத்தொன்பது நாள் இருந்தது.